கண்ணாடி இழைக் காருக்கு ஓர் ஒட்டு



விழுப்புரத்தை அடுத்த காணையில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நிற்கிறது. அதன் கதவில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் கீழே விழுந்துவிடும். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். தகரத்தைத் தட்டினால் எழும் கணீரென்ற ஒலி வராது, மரப்பெட்டியைத் தட்டியதுபோல் ‘டொக்’ என்று கேட்கும். நாற்பது மழைக்காலங்களைக் கண்ட வண்டி அது. ஆயினும் அதன் மேற்கூட்டில் ஓரிடத்திலும் துரு இல்லை. காரணம், அந்தக் கூடு இரும்பால் ஆனதன்று. கண்ணாடியால் ஆனது!

கண்ணாடி என்றதும் சன்னல் கண்ணாடி உங்கள் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒரு பிசினில் தோய்த்து, உறைய வைத்துச் செய்த பொருள் இது. நாம் பேச்சு வழக்கில் ‘ஃபைபர்’ என்று சொல்கிறோமே, அதுதான். தண்ணீர்த் தொட்டி, மீன்பிடி படகு, பேருந்தின் முன்முகப்பு என்று பல வடிவங்களில் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் காரின் பெயர் டால்பின். பெங்களூரில் இருந்த சிபானி நிறுவனம் 1982-இல் இதனை வெளியிட்டது. இங்கிலாந்தில் ரிலையன்ட் என்ற நிறுவனம் செய்துவந்த ‘கிட்டன்’ என்னும் காரைத் தழுவியது. 848 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரண்டே கதவுகள். அடியில் இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் கண்ணாடி இழைக் கூடு பொருத்தப்பட்டிருக்கும். எடை குறைவு என்பதால் அக்காலத்தில் ராலி ஓட்டுநர்களும் இதை விரும்பினார்கள். இதற்கு முன்பே, 1970-களில், பெங்களூரிலிருந்து ‘பாதல்’ என்ற மூன்று சக்கரக் காரும் இழைக் கூட்டோடு வந்தது.

இரும்பை விட்டு இழைக்கு ஏன் போனார்கள்? இரும்புத் தகட்டைக் காரின் வடிவத்துக்கு அழுத்தி எடுக்கப் பெரும் பெரும் அச்சுகளும் அழுத்து எந்திரங்களும் வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். கண்ணாடி இழைக்கோ ஒரு வார்ப்பச்சு போதும். அந்த அச்சையே இழையாலும் பிசினாலும் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் 1953-இல் வெளிவந்த கார்வெட் என்னும் காரும் இழைக் கூட்டோடுதான் வந்தது. முதல் ஆண்டில் செய்தவை 300 வண்டிகள் மட்டுமே.

கூடு சிறந்ததுதான். ஆனால் உடைந்தால்? இந்த ஆண்டு பொங்கலுக்கு முன், கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று திருப்பத்தில் மாமாவின் காரை உரசிவிட்டது. இடப்பக்க முன் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. இந்தக் காரும் அதன் உதிரிப் பாகங்களும் தயாராவது நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. புது மட்கார்டு வாங்க வழியில்லை. மாமா சலித்துப்போய், “இரும்பா இருந்தா எடைக்காவது போடலாம். இதை எவன் மாப்பிள்ளே வாங்குவான்?” என்றார். அவர் சொன்னது உண்மை. இரும்பை உருக்கி மீண்டும் வார்க்கலாம். உறைந்த இந்தப் பிசின் உருகாது, கருகத்தான் செய்யும். ஒட்ட வைத்தால் கார், இல்லையேல் குப்பை.

இயற்பியல் படித்தவன் நான் இருக்கிறேனே என்று, கடையில் விற்கும் இருகலவைப் பசையை வாங்கி வந்து, வெடிப்பின் இரு விளிம்புகளையும் சேர்த்து அழுத்தி ஒட்டினேன். மேலே பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணமும் பூசினேன். பார்வைக்குப் புது வண்டிபோல் இருந்தது. நாற்பது நாள் கழித்து அதே இடத்தில், அதே கோட்டில், மீண்டும் வெடித்தது. இந்த முறை வெடிப்பு இரண்டு விரற்கடை நீண்டும் இருந்தது. எங்கே தவறு செய்தேன்? அதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

பனைமரம் சொல்லும் பாடம்

முதலில் இந்தப் பொருளின் உள்ளமைப்பைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. வெட்டிய பனஞ்சட்டம் ஒன்றின் முனையை உற்றுப் பாருங்கள். வெளிர் நிற மென்சதைக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரியும். அவை அடியிலிருந்து நுனி வரை ஓடும் நார்கள். அசட்டையாகக் கை வைத்தால் சிலாம்பாக ஏறுபவையும் அவைதாம். பாரத்தைத் தாங்குவன அந்த நார்களே. மென்சதையின் வேலை நார்களை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பதும், ஒரு நாரின் மேல் விழும் பாரத்தைப் பக்கத்து நாருக்குக் கொண்டு சேர்ப்பதும் ஆகும்.

குதிர் செய்யும்போது களிமண்ணோடு வைக்கோல் துண்டுகளைக் கலப்பதும் இதே உத்திதான். தனிக் களிமண் காயும்போது வெடிக்கும். தனி வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் நெல்லைத் தாங்கும் சுவர். இப்படி இரு பொருள்கள் தம் தன்மை இழக்காமல் கூடி, தனித்தனியே செய்யமுடியாத வேலையைச் செய்தால் அதனைக் கூட்டுப்பொருள் என்கிறோம்.

கண்ணாடி இழைக் கூட்டில் நாரின் வேலையைக் கண்ணாடியும், மென்சதையின் வேலையைப் பாலியெஸ்டர் பிசினும் செய்கின்றன. ஆனால் கண்ணாடி எளிதில் உடையும் பொருளாயிற்றே, அதை எப்படி நார் ஆக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் ஒரு வியப்பு இருக்கிறது. ஆங்கிலேய அறிஞர் கிரிஃபித், கண்ணாடியை உருக்கிப் பல பருமன்களில் இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று அளந்தார். 1921-இல் வெளியான அவரது கட்டுரையில் உள்ள அளவுகள் இவை: ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடிக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 170 நியூட்டனில் அறுந்தது. 0.0033 மில்லிமீட்டர் பருமனுள்ள இழையோ 3,400 நியூட்டன் வரை தாங்கியது. அதே கண்ணாடி, இருபது மடங்கு வலிமை! சாதாரண இரும்பு ஏறக்குறைய 400 நியூட்டனில் அறும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரணம் என்ன? கண்ணாடியை உடைப்பது அதன் பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் என்றார் கிரிஃபித். கீறலின் கூர்முனையில் தகைவு பன்மடங்காகக் குவிகிறது. இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமே இல்லை. அப்படியே ஓர் இழை அறுந்தாலும், வெடிப்பு அந்த இழையோடு முடிந்துவிடுகிறது. அடுத்த இழைக்குத் தாவ நடுவில் உள்ள பிசினைக் கடக்க வேண்டும்.

தகைவு குவிவது எவ்வளவு இருக்கும் என்பதற்கு இங்கிலிஸ் என்பவர் 1913-இல் தந்த வாய்பாடு உண்டு. தட்டையான தகட்டில் உள்ள வெடிப்பின் அரை நீளத்தை முனையின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால், முனையில் தகைவு எத்தனை மடங்காகிறது என்று கிடைக்கும். 20 மில்லிமீட்டர் வெடிப்பு, முனையின் ஆரம் 0.01 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 10-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1000. வர்க்கமூலம் ஏறத்தாழ 31.6, ஆகவே 64 மடங்கு. இப்போது அந்த முனையில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்றைப் போடுங்கள். முனையின் ஆரம் 1.5 மில்லிமீட்டர் ஆகிறது. கணக்கிட்டால் வருவது 6 மடங்குக்குச் சற்றே மேல். ஒரு சிறு துளை, பத்தில் ஒன்பது பங்குத் தொல்லையை நீக்கிவிடுகிறது! வெடிப்பு ஓடாமல் இருக்கப் பட்டறைக்காரர் அதன் முனையில் துளை போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் அதையும் செய்யவில்லை. அதனால்தான் அது இரண்டு விரற்கடை நீண்டது.

வேட்டிக்கு ஒட்டுப் போடுவதுபோல

மரக்காணம் கடற்கரையில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் ஒருவரை நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். ஒருகாலத்தில் நம் கரையில் கட்டுமரங்களே மிகுதி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இழந்த கட்டுமரங்களுக்கும் படகுகளுக்கும் ஈடாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. அவை பாறையிலும் மணலிலும் மோதி உடைவதும், அவற்றைச் சீர் செய்வதும் அங்கே அன்றாட வேலை. காருக்கு ஒட்டுப் பிரிந்தால் மாமாவுக்குத் தலைவலி. படகுக்கு ஒட்டுப் பிரிந்தால் நடுக்கடலில் நாலு பேர் உயிர். எனவே அந்தத் தொழிலாளரின் கைக்கு நான் அதிக மதிப்புக் கொடுத்தேன்.

அவர் காணைக்கு வந்து, முதலில் ஒரு நாணயத்தால் மட்கார்டு முழுவதையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் தெளிவான ஒலி. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்த இடத்தில் மந்தமான ஒலி. மட்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே சோதனை. பிரிந்த அடுக்கு மெல்லிய தோல்போல் தனியே அதிர்வதால் ஒலி மாறுகிறது. வெடிப்பு ஒரு சாண் என்றால் உட்சேதம் ஒரு முழம் இருந்தது!

பிறகு என் ஒட்டைப் பார்த்துச் சிரித்தார். “சார், கிழிஞ்ச வேட்டிய முனையோட முனை வெச்சுத் தைச்சா நிக்குமா? ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித்தானே தைக்கணும்?”

அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்ப்போம். மட்கார்டின் தடிப்பு 3 மில்லிமீட்டர். நறுக்கிய இழைகளைச் சிதறிப் பாய்போல் செய்த ‘மேட்’ என்பதைக் கொண்டு செய்த கூடு இது. இதில் கன அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே கண்ணாடி. இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், ஒரு திசையில் இழுக்கும்போது அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் வலிமையே பயன்படும். தொழிற்சாலை இழையின் வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 நியூட்டன் என்று வைத்தால், கூட்டுப்பொருளின் வலிமை தோராயமாக 100 நியூட்டன் என்று கிடைக்கும். ஆகவே 1 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை தாங்கும் விசை 3 × 100 = 300 நியூட்டன்.

விளிம்போடு விளிம்பு ஒட்டினால் என்ன ஆகும்? ஒட்டும் பரப்பு, அதே 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு, 3 சதுர மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி இழைகூடக் குறுக்கே செல்லவில்லை. நார் இல்லாத களிமண் அது! பழைய உறைந்த பிசினோடு புதுப் பசை வேதிமுறையில் சேர்வதும் மிகக் குறைவு. சொரசொரப்பில் பற்றிக்கொள்வதே பெரும்பங்கு. அத்தகைய பற்று சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் தாங்கும் என்று கொண்டால் 30 நியூட்டன் ஆயிற்று. 300 வேண்டிய இடத்தில் 30.

பட்டி இதைச் சரி செய்யுமா? பட்டி என்பது பிசினில் குழைத்த தூள். பள்ளத்தை நிரப்பவே அது உதவும். மேலும் கண்ணாடி இழைத் தகடு இரும்பைப்போல் விறைப்பானதன்று. ஒரே தடிப்பில் எடுத்தால் அதன் யங் குணகம் இரும்பினதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். சாலைக் குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது சற்று வளைந்து நிமிரும். பட்டியால் அப்படி வளைய முடியாது.

இனி வேட்டிக்குப் போடும் ஒட்டுக்கு வருவோம். வெடிப்பின் இருபுறமும் தகட்டைச் சரிவாகத் தேய்த்து எடுக்கிறார்கள். விளிம்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தொடங்கி, தள்ளிப் போகப் போக முழுத் தடிப்பை அடையும்படி, ஆற்றங்கரைச் சரிவுபோல. தடிப்பு 1 என்றால் சரிவின் நீளம் 12 இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள வழக்கு. நம் மட்கார்டுக்கு 36 மில்லிமீட்டர். இந்தச் சரிவின்மேல் புது மேட்டை அடுக்கி ஒட்டும்போது, ஒட்டும் பரப்பு 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு 36 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. 36 × 10 = 360 நியூட்டன். 300 வேண்டும், 360 கிடைக்கிறது. ஒட்டு தகட்டைவிட வலிமையாகிவிட்டது!

விசை செல்லும் வழியும் மாறிவிட்டதைக் கவனியுங்கள். முதல் ஒட்டில் இரு முகங்களும் ஒன்றை விட்டு ஒன்று விலக இழுக்கப்பட்டன. இப்போது ஒரு பரப்பு மற்றதன்மேல் வழுக்க முயல்கிறது. உங்கள் பாடநூலில் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்று படித்திருப்பீர்களே, அது இதுதான். பிசின் வழியே சறுக்காகக் கடந்து, பழைய இழையிலிருந்து புது இழைக்கு விசை போய்ச் சேருகிறது. 12-க்கு 1 என்ற விதியைக் கண்டவர்கள் யாராயினும் இந்தக் கணக்கைப் போட்டார்களா, உடைத்து உடைத்துக் கற்றார்களா என்று எனக்கு ஓர் ஐயம். படகுக்காரர் எண்ணே சொல்லவில்லை; நான்கு விரலை வைத்து, “இம்மாம் போதும்” என்றார். அளந்தேன், ஏழு சென்டிமீட்டர். கடலுக்குச் செய்து பழகிய கை!

மேட் மறையும் அழகு

வேலை நடந்தது கத்திரி வெயில் நாளில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு. ஏன் அந்த நேரம்? பாலியெஸ்டர் பிசின் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைத்தது. அதில் ‘ஹார்டனர்’ என்று அவர்கள் சொல்லும் பெராக்சைடை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்த்தால், ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பின்னிவிடும். அதனால்தான் உறைந்த பிசின் மீண்டும் உருகுவதில்லை. இந்த வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. பல வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிக்கும். விடியலில் 28 டிகிரியில் 24 நிமிடம் கையாள முடிகிற பிசின், பகலில் 38 டிகிரியில் 12 நிமிடத்தில் கூழாகிவிடும்.

இன்னொன்றும் பார்த்தேன். குவளையில் மிஞ்சிய பிசின் சூடாகி, புகைந்து, வெடித்துப் பிளந்தது. அதே பிசின் மட்கார்டின்மேல் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. குவளையில் பருமன் அதிகம், வெப்பம் வெளியேறும் பரப்பு குறைவு. பரப்பி விட்டால் நேர்மாறு. சோற்றை ஆற வைக்க அம்மா தட்டில் பரப்புவது இதற்காகத்தானே!

எத்தனை அடுக்கு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். கடையில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் கிடைக்கிறது. எடையில் 30 பங்கு மேட், 70 பங்கு பிசின் என்றால், 450 கிராம் மேட்டுக்கு 1,050 கிராம் பிசின். கண்ணாடியின் அடர்த்தி 2.55, பிசினுடையது 1.2. இரண்டின் கன அளவையும் கூட்டிச் சதுர மீட்டரில் பரப்பினால் தடிப்பு 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், போட்டுப் பாருங்கள். ஆகவே 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு மூன்று அடுக்கு. வெளிப்பக்கம் ஒரு வழவழப்பான பலகையை வைத்துக் கட்டிவிட்டு, உட்புறமிருந்து, சிறிய துண்டு முதலில், அதன்மேல் சற்றுப் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று சரிவை நிரப்பினார்.

உலர்ந்த மேட் பருத்திபோல் வெள்ளையாக இருக்கும். பிசின் ஊறியதும் அது கண்ணெதிரே மறைந்து போகிறது! கண்ணாடி இழை, பிசின் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.55-ஐ ஒட்டியவை. விலகல் எண் ஒன்றாக இருந்தால், ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது திரும்பவோ சிதறவோ காரணமில்லை. காற்று மட்டும் எங்கே தங்கிவிட்டதோ அங்கே வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியைத்தான் உருளையால் உருட்டி உருட்டி அவர் வெளியேற்றினார். குமிழி தங்கினால் அங்கே தகைவு குவியும். எந்தக் கருவியும் இன்றி, வெறும் ஒளிவிலகலைக் கொண்டு ஒட்டின் தரத்தைச் சோதிக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்போது வகுப்பில் ஒளியியல் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன்.

முன்னேற்பாடுகளில் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். தேய்த்த இடம் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். வெடிப்பில் புகுந்த மழைநீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளின் ஓரமாக நெடுந்தூரம் ஏறியிருக்கும். அதனால் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். அடுத்து, இரும்புக் காரின் பழைய வண்ணத்தை உரிக்க விற்கும் திரவத்தை இதன்மேல் தடவக்கூடாது. அது வண்ணத்தோடு நில்லாமல் பிசினையும் தாக்கும். உப்புத்தாளும் பொறுமையும்தான் வழி.

மேற்பூச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிப்பக்கம் தெரிந்த கோட்டை ‘ஜெல் கோட்’ என்னும் இழையில்லாப் பிசினால் நிரப்பி, தேய்த்து, வண்ணம் அடித்தார்கள். பட்டிக்கும் அங்கே வேலை இருந்தது; நகக்கண் அளவு.

ஓர் எச்சரிக்கை. இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். ஸ்டைரீன் ஆவி தலைசுற்றல் தரும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் மூச்சில் போகக்கூடாது. பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. விரைவூட்டியாகச் சேர்க்கும் கோபால்ட் உப்பையும் பெராக்சைடையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். தனித்தனியாகத்தான் பிசினில் கலக்க வேண்டும். தேய்க்கும்போது அந்தப் படகுக்காரர் முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றியிருந்தார். இருபது ஆண்டாகச் செய்கிறாராம். இரவில் இருமல் வருகிறது என்றார். முகக்காப்பும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். அணிகிறாரா என்று அடுத்த முறை மரக்காணம் போகும்போது பார்க்க வேண்டும்.

ஒட்டுப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. மாமா வாரந்தோறும் அந்தக் காரில்தான் விழுப்புரம் சந்தைக்குப் போய் வருகிறார். நான் போகும்போதெல்லாம் நாணயத்தால் தட்டிப் பார்க்கிறேன், தெளிவான ஒலிதான்.

செய்து பாருங்கள்

இழைக்கும் பிசினுக்கும் உள்ள உறவை ஒரு மெழுகுவத்தியும் தையல் நூலும் கொண்டு அறியலாம். மெழுகை உருக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்; மெழுகைக் கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் அக்கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். ஐந்து காகிதக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, மெழுகுக்குள் 2, 5, 10, 20, 40 மில்லிமீட்டர் ஆழம் வரை போகுமாறு உறைய விடுங்கள். நன்கு ஆறிய பின் காகிதத்தை உரித்து, கட்டியைத் தலைகீழாகக் கையில் பிடித்து, நூலின் முனையில் ஒரு பையைக் கட்டி, சிறிது சிறிதாக மணல் போடுங்கள். நூல் உருவிக்கொண்டு வந்ததா, அறுந்ததா, எத்தனை கிராமில் என்று குறியுங்கள்.

குறைந்த ஆழங்களில் நூல் உருவிக்கொண்டு வரும். ஆழம் கூடக் கூடத் தேவைப்படும் எடையும் கூடும். ஓர் ஆழத்துக்குப் பின் நூல் உருவாது, அறுந்துபோகும். அதற்குமேல் எவ்வளவு ஆழம் வைத்தாலும் எடை கூடாது. ஆழத்தைக் கிடை அச்சிலும் எடையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரைந்து, கோடு மேலேறுவது நின்று கிடையாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு இரு மடங்கு பருமனுள்ள நூலால் மீண்டும் செய்யுங்கள். அந்த இடம் வலப்பக்கம் நகருமா, இடப்பக்கமா? மணலைப் போடத் தொடங்கும் முன்பே உங்கள் விடையையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள்.